ஆடித் தள்ளுபடிப் பிரமை

ஆனி மாதத்தின் கடைசி வாரம் பிறந்துவிட்டால், மதுரை விளக்குத்தூணைச் சுற்றியுள்ள சந்துகளில் கடை வைத்திருக்கும் என் வாடிக்கைக்காரர்களில் ஒருவராவது, நான் பேரேட்டைப் பிரித்து அமர்ந்திருக்கும் வேளையில் எதிரே வந்து நின்று, "கணக்கய்யா, பெரிய கடைக்காரங்க எல்லாம் ஆடித் தள்ளுபடி போட்டுத்தானே இந்த அளவுக்கு வளர்ந்தாங்க, நாமளும் போட்டா என்ன?" என்று கேட்காமல் அந்த மாதம் கழிந்ததாக, முப்பத்தோராண்டுகளாகச் சிறு கடைகளுக்கு வரவு செலவு எழுதிப் பிழைக்கும் எனக்கு நினைவில்லை. கேட்கிறவர் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. விலையைக் குறைத்தால் விற்பனை பெருகும், விற்பனை பெருகினால் லாபம் பெருகும் என்று டீக்கடையிலும் வங்கி வரிசையிலும் கல்யாணப் பந்தியிலும் ஒருவர் சொல்ல, மற்றவர் மறுபேச்சின்றித் தலையசைக்கிறார். இந்த வாக்கியத்தின் முற்பாதி பெரும்பாலும் மெய்தான். பிற்பாதியோ, முற்பாதியின் முதுகில் ஏறிக்கொண்டு இலவசமாக ஊர்வலம் வருகிறது.

ஆடித் தள்ளுபடியின் பூர்வோத்தரத்தைச் சற்று யோசித்தவர்கள் இந்தப் பிரமையில் விழமாட்டார்கள். ஆடி, நம்மவர்கள் கல்யாணத்தையும் கிரகப்பிரவேசத்தையும் ஒதுக்கி வைக்கும் மாதம். அம்மன் கோயில் கூழுக்குக் கூட்டம் உண்டேயன்றிப் பட்டுக்கும் வேட்டிக்கும் கூட்டம் இராது. பெரிய ஜவுளிக் கடைக்காரரோ, ஐப்பசித் தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பாகவே புதுச் சரக்கை இறக்கியாக வேண்டியவர். அதற்கு அலமாரியில் இடமும் கையில் ரொக்கமும் வேண்டும். ஆகவே தேங்கிக் கிடக்கும் பழைய சரக்கைக் கிடைத்த விலைக்குத் தள்ளுகிறார். அதோடு நில்லாமல், ஆடிக்கென்றே தனி விலை பேசிப் பேல் பேலாக வாங்கி, மில்காரரும் மொத்த வியாபாரியும் விட்டுக்கொடுத்த பணத்தைத்தான் பத்து, இருபது என்று தள்ளுபடிப் பலகையில் எழுதுகிறார். சரக்கு கொடுத்தவருக்குப் பணம் கட்ட வேண்டிய தவணை வருவதற்குள் அந்தச் சரக்கு விற்றுக் காசாகிவிடுகிறது. விற்காமல் நின்றதைத் திருப்பி அனுப்பிக்கொள்ளும் செல்வாக்கும் அவருக்கு உண்டு. அவர் தள்ளுவது பிறர் பணத்தை. பத்தடி அகலக் கடையில் ரொக்கம் கொடுத்து ஐம்பது ஐம்பதாகச் சட்டை வாங்கி வைத்திருக்கும் நம் தம்பி தள்ளுவது, தம் வீட்டுப் பால் கணக்கையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும். இரண்டிற்கும் ஒரே பெயர் வைத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடுமா?

பொதுப்படப் பேசினால் யாரும் நம்புவதில்லையாகையால், மூன்றாண்டுகளுக்கு முன் என் கண்ணெதிரே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என்னிடம் கணக்கு எழுதிக்கொள்ளும் ரெடிமேட் கடைக்காரர் ஒருவர், நல்ல உழைப்பாளி, ஆனால் காதில் விழுந்ததையெல்லாம் சாஸ்திரமாக எடுத்துக்கொள்ளும் சுபாவமுடையவர், என்னைக் கலக்காமலே வாசலில் மஞ்சள் பிளெக்ஸ் ஒன்றைக் கட்டி, கடையிலுள்ள சட்டைகள் அத்தனைக்கும் நூற்றுக்குப் பத்து தள்ளுபடி என்று அறிவித்துவிட்டார். ஆடி முடிந்து அவர் என் மேஜையெதிரே வந்து உட்கார்ந்தபோது, முகத்தில் வெற்றிக் களை தாண்டவமாடிற்று. "சென்ற ஆடியில 240 சட்டை, இந்த ஆடியில 390 சட்டை, கல்லாவை மூட முடியல கணக்கய்யா" என்றார். நான் ஒன்றும் பேசாமல் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தேன்.

அவர் விற்கும் சட்டையின் அடக்கம் 400 ரூபாய். விலை 500 ரூபாய். இரண்டு ஆண்டுகளிலும் இதில் மாறுதலில்லை. சென்ற ஆடியில் தள்ளுபடியின்றி விற்ற 240 சட்டைக்கு, ஒன்றுக்கு 100 வீதம், 24,000 ரூபாய் மிச்சம். இந்த ஆடியில் சட்டை 450 ரூபாய்க்குப் போயிற்று. ஒன்றுக்கு 50 வீதம் 390 சட்டைக்கு 19,500 ரூபாய் மிச்சம். விற்றுமுதல் 1,20,000 ரூபாயிலிருந்து 1,75,500 ரூபாயாக உயர்ந்ததென்பது வாஸ்தவம். கல்லா நிறைந்ததும் வாஸ்தவம். அதனால்தான் அவர் ஏமாந்தார். 55,500 ரூபாய் கூடுதலாகக் கைமாறியும், மிச்சத்தில் 4,500 ரூபாய் குறைந்திருந்தது. அதன் மேல் பிளெக்ஸ், நோட்டீஸ், கூட்டத்தைச் சமாளிக்க ஒரு மாதத்துக்கு அமர்த்திய கூடுதல் ஆள் என்று 7,500 ரூபாய் செலவு. பென்சிலைக் கீழே வைத்தபோது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை.

பத்து ரூபாய் குறைத்தால் பத்து சதவீதம் கூடுதலாக விற்றால் சரியாகிவிடும் என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். தள்ளுபடி முழு விலையிலிருந்து கழிவதாகத் தோன்றினாலும், மெய்யில் அது லாபத்திலிருந்தே கழிகிறது. வாங்கின விலையை மில்காரர் குறைக்கவில்லையே! நூறு ரூபாய் விலையில் 25 ரூபாய் லாபம் வைத்திருப்பவர் பத்து ரூபாய் குறைத்தால், பழைய லாபத்தை எட்டுவதற்கே மூன்றில் இரு பங்கு சரக்குக் கூடுதலாக விற்றாக வேண்டும். 20 ரூபாய் லாபக்காரர் இரட்டிப்பாக விற்க வேண்டும். நம் சட்டைக்காரர் அந்த ஜாதி, அவருக்கு 480 சட்டை போயிருக்க வேண்டும். 15 ரூபாய் லாபக்காரருக்கு மும்மடங்கு. மளிகைக் கடைக்காரரைப்போல் நூற்றுக்குப் பத்தே வைத்திருப்பவரோ, ஊரையே திரட்டி வந்து விற்றாலும் ஒரு காசு தேறாது. தூக்குக்கூலி மட்டும் மிஞ்சும். இதைத் திருப்பிப் போட்டும் பார்க்கலாம். 20 ரூபாய் லாபம் வைத்து நூறு பேருக்கு விற்பவர் விலையை ஐந்து ரூபாய் உயர்த்தினால், ஐவரில் ஒருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டாலும் அவருடைய மிச்சம் குறையாது. எண்பது பேரிடம் 25 ரூபாய், நூறு பேரிடம் 20 ரூபாய், இரண்டும் 2,000 ரூபாய்தான். இதை நான் சொன்னால் கடைக்காரர்கள் அடிக்க வருவதுபோல் பார்க்கிறார்கள். பெருக்கல் வாய்பாட்டின்மேல் கோபித்து என்ன பிரயோஜனம்?

கதை இங்கே முடியவுமில்லை. ஆவணி பிறந்தது, முகூர்த்த நாட்கள் வந்தன, சென்ற ஆவணியில் 310 சட்டை விற்ற அதே கடையில் 230 தான் விற்றது. காரணம் கேட்டு ஜோசியரிடம் போக வேண்டியதில்லை. ஆவணிக் கல்யாணத்துக்கு முழு விலை கொடுத்து வாங்கவிருந்த அவருடைய சொந்த வாடிக்கைக்காரர்களே, பலகையைப் பார்த்து ஆடியிலேயே வாங்கிச் சென்றுவிட்டார்கள். புதிதாக வந்தவர்கள் பலரோ, விலைக்காக வந்தவர்களாகையால், அடுத்த தெருவில் இன்னும் மலிவான பலகையைக் கண்டதும் அங்கே போய்விட்டார்கள். குறைந்த 80 சட்டைக்கு 8,000 ரூபாய். ஆக, ஓர் ஆடியின் பெருமைக்கு அவர் கொடுத்த கிரயம் சுளையாக 20,000 ரூபாய். ஐப்பசியில் தீபாவளிக்கு வந்தவர்களும் சும்மா வரவில்லை, "ஆடியில 450க்குக் கொடுத்தீங்களே?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு முறை குறைத்த விலையை ஜனங்கள் மறப்பதில்லை. உயர்த்தினதைக்கூட மறப்பார்கள்.

அப்படியானால் விலையைக் குறைப்பதே பாபமா என்று வாசகர் கேட்கலாம். இல்லை. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் காலையில் சரக்கெடுத்து, மாலையில் கோயில் வாசலில் மல்லிகைச் சரம் விற்கும் அம்மாளைப் பாருங்கள். ஆறு மணிக்கு அந்த அம்மாளிடம் பேரம் பேசினால் ஏற இறங்கப் பார்ப்பாள். ஏழரைக்குக் கொஞ்சம் இறங்குவாள். ஒன்பது மணிக்கு, கூடையின் ஈரத்துணியைத் தூக்கி மிச்சமிருப்பதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாதி விலைக்குக் கேட்காமலே முழக் கணக்கில்லாமல் சுற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவாள். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததெல்லாம் மறுநாட் காலையில் அந்தப் பூவுக்கு உதவாது. விடிந்தால் அது குப்பை. எதைக் குறைக்கலாம், எப்போது குறைக்கலாம், எவ்வளவு வரை குறைக்கலாம் என்பதை அந்த அம்மாள் ஒரு பென்சிலுமின்றி அறிந்திருக்கிறாள். விடிந்தாலும் சட்டை வாடாது. அளவு உடைந்துபோய் 38 மட்டும் நிற்கிற வகை, மடிப்பில் வெயில் பட்டு வெளுத்தது, சென்ற தீபாவளியின் மோஸ்தர், இவற்றைத் தனியாக ஒரு மேஜையில் கொட்டி அடக்க விலைக்கே கொடுங்கள். நானே வந்து இரண்டு எடுத்துக்கொள்கிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற சரக்கின்மேல் ஏன் கத்தியை வைக்க வேண்டும்?

வாங்குகிறவர் மனம் குளிர ஏதேனும் செய்தே தீரவேண்டுமென்று தோன்றினால், அதற்கு வேறு உபாயங்கள் இருக்கின்றன. 500 ரூபாய்ச் சட்டையில் பத்து சதவீதம் குறைத்தால் உங்களுக்கு நஷ்டம் 50 ரூபாய். மொத்தமாக வாங்கினால் 15 ரூபாய் அடக்கமாகும் ஒரு கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்துக் கொடுத்தால், வீட்டுக்குப் போய்ப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதும் உங்கள் ஞாபகம் வரும். பாண்ட் வாங்கியவருக்கு நீளத்தை அங்கேயே வெட்டித் தைத்துக் கொடுங்கள். அளவு பொருந்தாவிட்டால் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுங்கள். பெரிய கடையின் நான்காம் மாடியில் இந்த உபசாரம் கிடைப்பது அபூர்வம். அங்கே நீங்கள் ஜெயிக்கலாம். விலையில் அவரோடு மல்லுக்கு நின்றால் அவருக்கு வலிக்கவே வலிக்காது.

இன்னொரு தந்திரத்தையும் சிலர் என் காதோடு சொல்வதுண்டு. 500 ரூபாய்ச் சட்டையில் 600 என்று சீட்டு ஒட்டி, அதை அடித்துவிட்டு 500 என்று எழுதினால் யாருக்குத் தெரியும் என்பது. தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும் என்பது ஒருபுறமிருக்க, ஒரு பொருள் வழக்கமாக என்ன விலைக்கு விற்கப்பட்டு வந்தது என்பதில் ஜனங்களை ஏமாற்றுவதை நேர்மையற்ற வணிக முறையென்றே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வகைப்படுத்தியிருக்கிறது. வம்பை விலை கொடுத்து வாங்காதீர்கள்.

மற்றச் சில்லறை நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மூச்சைச் செலவிட வேண்டியதில்லை. க்யூஆர் அட்டையை வைத்தால் வரிக்காரர் வந்துவிடுவார் என்பது ஒன்று. 2025-இல் பெங்களூருவில் சிறு வியாபாரிகள் சிலருக்கு யூபிஐ வரவை வைத்து வணிக வரித் துறை நோட்டீஸ் அனுப்ப, கடைகளில் "யூபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்" என்ற அட்டைகள் தொங்கின. அந்தப் பீதி ரயிலேறி மதுரைக்கும் வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டுக்குள்ளேயே சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தையும், சேவைத் தொழில் செய்பவருக்கு 20 லட்சத்தையும் தாண்டினால் ஜிஎஸ்டிப் பதிவு வேண்டும். பணம் தாளாக வந்ததா, தொலைபேசியில் மணியடித்து வந்ததா என்பதற்கும் அந்த வரம்புக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. தாண்டியவர்களும், ஒன்றரைக் கோடிக்கு மேற்படாத வரையில், இணக்க முறையில் சேர்ந்து விற்றுமுதலில் நூற்றுக்கு ஒன்று கட்டிவிட்டு நிம்மதியாக இருக்க வியாபாரிகளுக்கு வழியிருக்கிறது. அட்டையை மறைத்தால் வரி போகாது. சில்லறையில்லாத வாடிக்கைக்காரர்தாம் போவார்.

கடன் கொடுத்தால்தான் வாடிக்கை நிலைக்கும் என்பது மற்றொன்று. "கடன் அன்பை முறிக்கும்" என்ற பலகையைக் கல்லாவுக்கு மேல் மாட்டியிருக்கும் கடைகளில்தான், அந்தப் பலகைக்கு நேர்கீழே, மிகத் தடித்த கடன் நோட்டை நான் பார்த்திருக்கிறேன். விளம்பரத்துக்கு லட்சம் லட்சமாகக் கொட்டவேண்டும் என்பது மூன்றாவது. கூகுள் வரைபடத்தில் உங்கள் கடையைச் சேர்க்கக் காசில்லை. அதில் சரியான தொலைபேசி எண்ணும், மத்தியானம் கடையடைக்கும் நேரமும் இருந்தால் போதும். சென்ற மாதம் நான் நம்பிப் போன ஒரு கடையின் எண், ஐந்து வருஷத்துக்கு முன் செத்துப்போன சிம்முடையது.

இவையெல்லாம் போகட்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக என் வயிற்றெரிச்சலைக் கிளப்பும் நம்பிக்கை ஒன்று உண்டு. கடையில் வேலை செய்யும் பெண் உட்கார்ந்திருந்தால் கடை தூங்குகிறதென்று வாடிக்கைக்காரர் நினைப்பார் என்பது. இது என் கணக்குத் தொழிலுக்கு அப்பாற்பட்ட விஷயம் என்று சிலர் சொல்லக்கூடும். காலை ஒன்பதரைக்கு வந்து இரவு ஒன்பது வரை நின்றுவிட்டு, சுவரில் சாய்ந்து ஒரு காலை மாற்றி மறு காலில் பாரத்தைப் போட்டுக்கொள்ளும் பெண்ணைப் பார்த்துக்கொண்டே சம்பளப் பட்டியல் எழுதுகிறவன் நான்; எனக்குச் சம்பந்தமில்லாமல் வேறு யாருக்குச் சம்பந்தம்? சென்னை ஜவுளிக் கடைப் பிள்ளைகளின் வாழ்க்கையை 2010-இல் வசந்தபாலன் "அங்காடித் தெரு" என்று படமெடுத்தபோது ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டது. துடைத்த கையோடு அடுத்த ஆடிக்குப் பைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பியும் விட்டது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் விற்பனைப் பெண்கள் "பெண்கூட்டு" என்று சேர்ந்து ஆண்டுக்கணக்காகக் கேட்டதன் பின்னரே, 2018-இல் கேரளம் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கிற்று. 2021-இல் தமிழ்நாடும், 1947-ஆம் ஆண்டின் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்னும் பிரிவைச் சேர்த்து, வேலை செய்வோருக்கு இருக்கை வசதி வேண்டுமென்று விதித்தது. விதித்தபின் எத்தனை கடையில் முக்காலி வந்தது என்பதை, அடுத்த முறை நீங்கள் துணியெடுக்கப் போகும்போது தலையைத் திருப்பிப் பாருங்கள்.

நின்றுகொண்டே இருப்பவரால் இரவு எட்டு மணிக்குச் சிரித்த முகத்தோடு பத்தாவது சட்டையைப் பிரித்துக் காட்ட முடியாது. இதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. கால் இருக்கிற யாருக்கும் தெரியும். பழகின பெண் வேலையை விட்டுப் போனால், புதியவளுக்குச் சரக்கிருக்கும் இடமும் அளவும் விலையும் பழகுகிற மாதத்தில் எத்தனை விற்பனை தவறிப்போகிறது என்பதை ஒருவரும் பேரேட்டில் எழுதுவதில்லை. எழுதினால் முக்காலியின் விலை அதற்கு வட்டிக்குக்கூடக் காணாது. நம் சட்டைக்காரரிடம், தள்ளுபடிக் கணக்குப் போட்ட அன்றைக்கே இதையும் சொன்னேன். பிளெக்ஸுக்கும் நோட்டீஸுக்கும் போட்ட பணத்தில் இரண்டு முக்காலி வாங்கி, மிச்சத்தில் ஒரு மின்விசிறியும் மாட்டியிருக்கலாமே, தம்பி என்றேன். "பார்க்கலாம் கணக்கய்யா" என்றார்; அவர் "பார்க்கலாம்" என்றால் மாட்டேன் என்று பொருள். நானும் விடவில்லை. மாதந்தோறும் கணக்கை ஒப்படைக்கும்போது கடைசி வரியில் பென்சிலால் "முக்காலி 2" என்று எழுதிக் கொடுத்து வந்தேன். அவரும் மாதந்தோறும் அதை ரப்பரால் அழித்துவிட்டுக் கையெழுத்திட்டு வந்தார்.

இந்த ஆனிக் கடைசியில் அந்தக் கடைக்குப் போனேன். வாசலில் பிளெக்ஸ் இல்லை. உள்ளே ஓரமாக ஒரு மேஜையில், அளவு உடைந்த சட்டைகள் மட்டும், அடக்க விலைக்கு. கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து, பெருமிதத்தோடு, "வாங்கிட்டேன் கணக்கய்யா, ரெண்டு" என்று கையை நீட்டிக் காட்டினார். மெய்தான், புத்தம்புது முக்காலிகள் இரண்டும் அலமாரியோரம் இருந்தன. ஒன்றின்மேல் தீபாவளிச் சரக்குப் பெட்டிகள் ஆறு அடுக்கப்பட்டிருந்தன. மற்றொன்றின்மேல் ஏறி நின்று அந்தப் பெண் மேல்தட்டிலிருந்த 42-ஐ எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் இறங்கும் வரை காத்திருந்து, பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கல்லா மேஜையில், அவருடைய கால்குலேட்டரின்மேல் கொண்டுபோய் வைத்தேன்.